வெளுத்த பெல்ட்

ஹலோ... ஆங், சொல்லுங்க மாமா... கேக்குது, கேக்குது... இல்ல, பாதுகாப்பு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடல. காலையில சோதனைக்கு வந்தப்ப சொன்னதைத்தான் இப்பவும் சொல்றேன்.

ஆமா... ஆமா, நாளைக்கு ஸ்கூல் பசங்க ஜிப்லைன்ல போக வர்றாங்க, தெரியும்... உங்களுக்கு மொத புக்கிங், அதுவும் தெரியும்... கம்பியை நான் குறை சொல்லலையே. தூணும் நல்லாத்தான் இருக்கு. கம்பியில தொங்கறப்ப ஆளைத் தாங்கற பெல்ட்டுதான் மாமா.

சோதனைன்னா யாராவது பெல்ட்டை பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போடுவாங்களா?... சுத்தமாத்தான் இருக்கு, யாரு இல்லன்னா? அழுக்கோட குடுத்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேன். அழுக்கு ஆளைக் கொல்லாது... அந்த மருந்து நூலை அரிச்சிரும் மாமா. பாக்க பளிச்சுன்னு இருக்கும், வெயிட்டு விழுந்தா விட்டுரும்.

யாரு துவைச்சது?... அக்காவா?... ஐயோ.

வந்துட்டீங்களா அதுக்கு... சொந்தக்காரன்னுதான் இத்தனை தடவை போனை எடுக்கறேன். வேற ஆளை அனுப்புங்கன்னு ஆபீஸ்ல கெஞ்சினேன், கேக்கல... சலிச்சுப் போச்சு மாமா. போற இடமெல்லாம் இதே பாட்டுதான்.

என்ன இது, ஒரே காத்து சத்தம்?... மேடை மேலயா? எதுக்கு?... நீங்களே கம்பியில தொங்கிப் போய் வீடியோ எடுத்து அனுப்பப் போறீங்களா? எந்த பெல்ட்டு?... மாமா. மாமா, நில்லுங்க. உக்காருங்க. இருக்கற இடத்துலயே உக்காருங்க... நான் கத்தல... சரி, கத்தறேன், உக்காருங்க!... உக்காந்தாச்சா?... அப்படியே பின்னாடி நகருங்க. ஏணி வரைக்கும்... ம்... போனைப் பையில போட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு இறங்குங்க. கட் பண்ணாதீங்க, நான் இருக்கேன்.

............

மாமா?... தரையிலயா?... நெஜமா தரையிலயா?... அப்பாடா. திட்டல, திட்டல. அக்காகிட்ட குடுங்க.

அக்கா... இறங்கிட்டாருல்ல, விடு... உன்னை யாரு தப்பு சொன்னா? நல்லதுன்னு நெனச்சுதானே பண்ணின... கை எப்படி இருக்கு?... தோலே உரிஞ்சிருச்சா?... பாரு, உன் கைக்கே இந்தக் கதின்னா, அந்த நூலுக்கு?... கத்திரிக்கோல் எடு. எல்லா பெல்ட்டையும் ரெண்டா வெட்டு... இல்லக்கா, மூட்டை கட்டி வெச்சா ஆகாது. காலையில பஸ்ஸைப் பாத்ததும் அவருக்கு மனசு மாறிடும்... ஆமா, ஸ்கூல்ல நானே பேசறேன். புது பெல்ட்டு வந்ததும் நானே வந்து பாக்கறேன்... மொதல்ல அவர் போட்டிருக்கறதை வெட்டு... கழட்டச் சொல்லிட்டு வெட்டுக்கா!

போனைப் பக்கத்துல வை. வெட்டற சத்தம் கேட்டாத்தான் எனக்கு இன்னிக்குத் தூக்கம்... ம்... கேட்டுச்சு. அடுத்தது... அழாதக்கா... அடுத்தது... ம்... அவ்வளவுதானா?... சரி. கைக்கு மருந்து போடு. வைக்கிறேன்.