மருந்து ஏறாத கை

"பொம்பளைக கைக்கு மருந்து ஏறாது மாப்ள."

திருமங்கலத்திலிருந்து எழுமலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் சொன்னார். பூச்சிமருந்தைப் பாதுகாப்பாக அடிப்பது எப்படி என்று நடந்த வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். அங்கே கொடுத்த மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அந்தப் பக்கத்துச் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"மதினி வகுப்புக்குள்ள வரலயாண்ணே?"

"அவளுக்கு எதுக்கு? வெளிய உக்காந்து செருப்பப் பாத்துக்கிட்டா."

"அப்ப மருந்து கலக்குறது யாரு?"

"அவதான். வெறுங்கைய விட்டே கலக்குவா. மொளகா அரைச்சு மரத்த கை, அத என்ன செய்யும்? அடிக்கிறது நான்ல, எனக்குத்தான ஆபத்து."

"வகுப்புல குடுத்த கிளவுஸயாச்சும் அவுகளுக்குக் குடுக்கலாம்ல?"

"நீ ஒரு ஆளு! புது கிளவுஸு மாப்ள. மருந்து பட்டா வீணாப் போயிரும். பைக் ஓட்டுறப்ப போட்டுக்கிரலாம்னு இருக்கேன்."

அப்போதுதான் அந்த அம்மா திரும்பினார்.

"காலையில உங்களுக்கு மருந்து கலக்கிக் குடுத்துட்டு, அந்தக் கையோட வந்து பிசைஞ்ச சோறுதான் அது. உப்பு போதுமா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பொட்டலத்தில் பாதிக்கு மேல் காலி.

"ஏ புள்ள, சோப்புப் போட்டுக் கையக் கழுவுனேல்ல?"

"எதுக்கு? இந்தக் கைக்குத்தான் மருந்து ஏறாதே."