அக்கா அளந்து சொன்ன நாடு

நான் பென்சிலில்தான் எழுதுவேன். பேனா என்றால் கை தயங்கும். காலையில் ஆறு பென்சிலைச் சீவி அடுக்கி, காப்பியைக் குடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். என் மாயாஜால நாவல்களைப் படித்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எதிரே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கும் நீங்களும் இதையே கேட்டீர்கள். உங்கள் மகள் என் வாசகி என்றும் சொன்னீர்கள். அதனால் விவரமாகவே சொல்கிறேன். எங்கிருந்து சார் இதெல்லாம் கிடைக்குது என்பது எல்லோருடைய இரண்டாவது கேள்வி. அதற்கு மட்டும் இதுவரை நான் யாருக்கும் உண்மையைச் சொன்னதில்லை.

அக்காவிடமிருந்து கிடைத்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நில அளவை அலுவலகத்தில் நாற்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டது நிலைக்கவில்லை. ஒரு பெட்டியும் ஒரு மூட்டைக் காகிதமுமாக அவள் வீட்டுக்கு வந்தேன். "எழுதறவனுக்குத் தனி ரூம் வேணும்டா" என்று தன் படுக்கையறையை எனக்குக் கொடுத்துவிட்டு, கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த அறையில் இருபத்தைந்து வருடம் நான் எழுதியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் அரசர்கள் வங்கி மேலாளர்களைப் போலப் பேசினார்கள். என் பறக்கும் குதிரை தரையை விட்டுக் கிளம்புவதற்குள் வாசகர்கள் குறட்டை விட்டார்கள். அக்கா மட்டும் கடைசிப் பக்கம்வரை படிப்பாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் ராஜ்யத்தைக் காலை நடைக்குப் போற மாதிரி சுத்திட்டு வந்துடலாம் போலிருக்கே" என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு நான்கு நாள் ஓயாத வாந்தி. ஐந்தாம் நாள் பிற்பகல் சூப் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எல்லைக்கல்லு எல்லாம் எழுந்து நடக்குதுடா. ரெண்டு ஊர் ஏற்கெனவே கலந்துபோச்சு" என்றாள். கிண்டல் என்றுதான் நினைத்தேன். பிறகு தண்ணீருக்கு அடியில் வாழும் ஒரு ராணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் அரண்மனையில் நானூற்றுப் பதினெட்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மழை பூட்டிக் கிடக்கிறது என்றாள். அறிவு கலங்கினாலும் கணக்கு கலங்கவில்லை. அறைகளின் நீள அகலம், கதவு பார்த்த திசை எல்லாம் சொன்னாள். நான் பென்சிலை எடுத்தேன்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டது மறுநாள். இடைப்பட்ட நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"உடம்புல உப்புச் சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. வயசானவங்களுக்கு இப்படித்தான் பேச்சு குழம்பும், ஏத்திட்டா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. வீடு திரும்பியவளுக்கு ராணியும் நினைவில்லை, மழையும் நினைவில்லை. சாப்பாட்டில் உப்பு குறையக் கூடாது, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சமையல் என்னுடையது. தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

முதல் பாகம் வெளிவந்தது. ஊரே படித்தது. அக்கா இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து என் தலையைத் தடவினாள். "எப்படிடா இதெல்லாம் உனக்குத் தோணுது? உன்னை நான்தான் தப்பா எடை போட்டுட்டேன்." கண் கலங்கியிருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் பொறுத்திருந்து ஒருத்தி அடைந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிப்பாளர் இரண்டாம் பாகம் கேட்டார். ஒரு மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய குதிரைதான் வந்து நின்றது. கூடத்தில் அக்கா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, வேளைக்குப் பசித்து, நன்றாகத் தூங்கி, பூரண நலத்துடன் இருந்தாள். சிக்கல் அங்கேதான் இருந்தது.

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

"என்னடா இது, வாயில வைக்க முடியல. சப்புனு இருக்கு."

"உனக்குப் பிரஷர் இருக்காம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நீ தூங்கிட்டிருந்த."

நம்பினாள். மாத்திரையை அதே நிறத்தில் வேறொன்றாக மாற்றினேன். மணிக்கொரு தரம் டம்ளரை நீட்டினேன். எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் வாசலில் நின்று, "கூடப் பிறந்தவளை இப்படிப் பார்த்துக்கிற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன் சார். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, டம்ளர் எங்க இருக்குன்னு எனக்கே போன் பண்ணும்" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பதினொன்றாம் நாள் ராணி வந்தாள்.

என் எழுத்து முறையை எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் நல்ல விளைச்சல். அவள் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் ஒரு தேசமே திறந்துகொள்ளும். "பயமா இருக்கா?" என்று கேட்டால் அழுவாள், எழுதுவதற்கு எதுவும் கிடைக்காது. அதனால் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு பாகத்துக்குத் தேவையானது சேர்ந்ததும் ஆம்புலன்ஸ். அதில் நான் நாணயமானவன். ஒரு பக்கம்கூட அதிகமாக எடுத்ததில்லை.

குணமாகி வந்ததும் அச்சுப் பிழை பார்ப்பவள் அவள்தான். "மூணாம் பக்கத்துல ஆறு வடக்கே போகுது, நூத்திப்பத்துல தெற்கே திரும்புது. எந்தக் கூமுட்டைடா உனக்கு அளந்து கொடுத்தது?" என்று திட்டுவாள். திருத்திக்கொள்வேன்.

மூன்றாம் பாகத்தின்போது அவள் ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தாள். தண்ணீர்க்காரன். சிரித்த முகம், மெதுவான நடை. மணிக்கொரு தரம் ராணிக்குத் தண்ணீர் கொண்டுவருவான். ஒவ்வொரு டம்ளருக்கும் ராணிக்குத் தன் அரண்மனையில் ஓர் அறை மறந்துபோகும். அவளும் அவன் மனம் நோகக் கூடாது என்று குடித்துவிடுவாள். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வாசகர்களுக்கு அவனைத்தான் மிகவும் பிடித்தது. இப்படி ஒரு வில்லனை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று மேடைதோறும் கேட்டார்கள். அவன் யாரென்று எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டரம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் மூலை மடித்துக் கொடுத்த பிரதிதானே உங்கள் மேசையில் இருப்பது? புத்தகத்தை மடிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கடைசிப் பாகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ராணி அரண்மனையை விட்டுக் கரையை நோக்கி நடக்கிறாள். கரையேறுவாளா, மாட்டாளா? அக்கா ஒன்பது நாள் அவளை நடக்கவைத்தாள். பத்தாம் நாள் நாலரை மணிக்கு என் பக்கம் திரும்பினாள். பார்வை தெளிவாக இருந்தது.

"குட்டி" என்றாள். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் கூப்பிட்ட பெயர். "தண்ணி போதும்டா. கொஞ்சம் உப்பு குடு."

அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகுதான் அது ராணி பேசியதில்லை என்று புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சொன்னால் பொய். அப்போது ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்கிறார் டாக்டரம்மா. அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

"கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பன்னெண்டு அடி" என்றாள்.

டம்ளரை அவள் வாயருகே பிடித்தேன். குடித்தாள். நான் நீட்டியதை வேண்டாம் என்று தள்ளி அவளுக்குப் பழக்கமில்லை. சிறிது நேரத்தில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அது அடங்கட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அடங்கிவிட்டது.

முடிவை நானே எழுத வேண்டியதாயிற்று. ராணி கரையேறினாள், எல்லோரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று எழுதினேன். உயிரே இல்லை என்று வாசகர்கள் ஏசுகிறார்கள். உங்கள் மகளும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன். மற்றதெல்லாம் அக்கா செய்தது.