மல்லித்தூள் பாட்டில்

போன வாரம் ஒரு மத்தியானம் சிம்மக்கல்லில் கே.கே. நகர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். வயதில் மூத்தவர் கேட்டது காதில் விழுந்தது.

"கண்ணாடி பாட்டில்ல ஒட்டுன பேப்பரை எழுத்து அழியாம எப்பிடி உரிக்கிறது?"

"சுடுதண்ணில ஊறவச்சு, மிச்சப் பிசினுக்குத் தேங்கா எண்ணெயும் சோடா உப்பும் போட்டுத் தேச்சா வந்துரும்க்கா. ஆனா எழுத்து நிக்காது. எதுக்கு?"

"மல்லித்தூள் பாட்டில். என் மக எழுதி ஒட்டுனது. நேத்து பாட்டில் விரிசல் விட்டிருச்சு. தூக்கிப்போட மனசு வரல."

"அவகிட்ட இன்னமும் பேசலையா?"

"அவளா ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனா. அவுக அப்பா பேசக்கூடாதுன்னுட்டாரு. இப்ப அவரும் இல்ல. நான் எந்த மூஞ்சியோட பேச?"

"எழுத்து நிக்கணும்னா என்ன பசைன்னு தெரியணும்க்கா. ஒட்டுனவகிட்டயே கேளுங்க."

பஸ் வைகைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா செல்போனை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நம்பரை அழுத்தினார்.

"பாப்பா, நான்தான்... மல்லித்தூள் பாட்டில்ல என்ன பசை போட்டு ஒட்டுன?"

மகள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, அழாத. அதை உரிக்கல," என்றார் கடைசியில். "நீ வந்து புதுசா எழுதி ஒட்டு. எம்புட்டு பாட்டில் பேரில்லாமக் கெடக்கு தெரியுமா?"