இரண்டாவது மாலை

மாவு புளித்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வைத்த தோசை அப்படி இருப்பதற்கு நான் காரணம் இல்லை. எப்போது எடுத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது இந்த வீட்டில் உதயாவுக்குத்தான் தெரியும்.

உதயா என் நாத்தனார். என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனின் தங்கை. முப்பதைத் தாண்டியவள். போன வாரம்வரை இங்கேதான் இருந்தாள். ஏன் போனாள் என்று தெருவே கேட்கிறது. நின்றுகொண்டே கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் போய்விடுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்கிறீர்கள். அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

கேமரா வந்த நேரம் சரியில்லை என்கிறார்கள் சிலர். கேமரா மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. நல்ல கேமரா. எங்களுக்குப் பட்டுப்புடவை வியாபாரம். தறிக்காரர்களிடம் வாங்கி, வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு விற்கிறோம். செல்போனில் எடுத்தால் அரக்கு நிறம் காபிப்பொடி நிறமாக விழுகிறது, வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அவர்தான் வேலூரில் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

எடுத்துப் பழக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டோ வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். கோட்டை மைதானம், ஆற்றுப் பாலம், ஒருமுறை படவேடு. ஆரணியில் வாழ்ந்தும் ஆரணியை நான் பார்த்தது அப்போதுதான். படுத்த படுக்கையாக இருக்கும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சோறு ஊட்டி, துணி மாற்றி, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, எங்களுக்குப் புளிசாதமும் கட்டிக்கொண்டு உதயா கடைசியாக வந்து ஏறுவாள். அவளுக்கும் ஒரு மாறுதல் வேண்டும் அல்லவா.

அந்தச் சமயத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தரகர் நல்ல போட்டோ கேட்டார். வீட்டிலேயே கேமரா இருக்கிறது, ஸ்டுடியோ எதற்கு என்று நானே எடுத்தேன்.

படம் என்பது வெளிச்சம்தான். உச்சி வெயிலில் நிற்க வைத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். ரொம்பக் கிட்டத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். கீழே குந்தி எடுத்தால் கழுத்தில் மடிப்பு வரும். மாம்பழ மஞ்சள் புடவை மாநிறத்துக்காரியைக் காய்ச்சல்காரி போலக் காட்டும். இதெல்லாம் கற்றுக்கொண்டால் தெரிவது. நான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவள்.

"இன்னா அண்ணி, இந்த வெயில்ல நிக்க வெக்கிறீங்க. மூஞ்சி எரியுது."

"வெளிச்சம் வேணும் உதயா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஒரு படத்தையும் நான் கம்ப்யூட்டரில் திருத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சூரியன் இருந்த இடத்தில் இருந்தது, நான் நின்ற இடத்தில் நின்றேன். போட்டோ போகும். ஜாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாகப் பதில் வரும். உதயா அதை நம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எலுமிச்சைமூடியில் விளக்கு போட்டாள். கூட நானும் போவேன். விளக்கு வெளிச்சத்தில் கைகள் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தவை இன்னும் என்னிடம் இருக்கின்றன. அழகான கைகள்.

அவள் கல்யாணமாகிப் போனால் அத்தையை யார் பார்ப்பது, புடவைக்குக் குஞ்சம் யார் கட்டுவது, குரூப்பில் கேட்பவர்களுக்கு யார் பதில் போடுவது என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

தவறு என்று சொன்னால் ஒன்றைத்தான் சொல்லலாம்.

மழை பெய்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிய ஒரு சாயங்காலம். என் வீட்டுக்காரரின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக்காலில் குதித்தார். "ண்ணா, கொக்கு மாதிரி இருக்கறே" என்று உதயா வாயைப் பொத்த மறந்து சிரித்தாள். வெயில் சாய்ந்து முகத்தில் விழுந்தது. என் விரல் அழுத்திவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அழிக்க இரண்டு தடவை போனேன், மனம் வரவில்லை. படம் எடுக்கிறவர்களுக்குத்தான் அது புரியும். மூலையில் என் பெயரைப் போட்டு, குரூப்பின் முகப்பில் வைத்தேன். பாராட்டு வந்தது. என்னைத்தான் பாராட்டினார்கள்.

தேசூரிலிருந்து ஜெயம் என்ற அம்மாள் போன் செய்தார். எங்களிடம் புடவை வாங்குகிறவர்.

"சிரிச்சிகினு இருக்குதே ஒரு பொண்ணு, யாரும்மா அது? கல்யாணம் ஆயிடுச்சா? எங்க தம்பி அருணகிரி அந்தப் படத்தையே பாத்துகினு கீறான்."

இப்போது கல்யாண யோசனை இல்லை என்றேன். விடவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறோம். நாங்க இன்னா கடிச்சா துன்னுடப் போறோம்?"

என் வீட்டுக்காரரும் உதயாவும் அத்தையை வேலூருக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போகிற நாளைச் சொன்னேன். வருகிறவர்களுக்கு வீடு அமைதியாக இருக்கட்டும் என்று.

அன்று காலை மாமனார் படத்துக்கு மாலை வாங்கப் போனேன். கூடத்தில் பார்த்திருப்பீர்கள், சந்தனப் பொட்டு வைத்து, கீழே சின்ன பல்பு எரியும். உதயாவின் அந்தப் படத்தைப் பெரிதாக பிரேம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் மாட்டினேன். ஒரே சுவரில் ஒன்றுக்கு மாலை போட்டு இன்னொன்றை மூளியாக விட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்? கண்ணுக்குச் சமமாக வர வேண்டும். அதனால் மாலை இரண்டாக வாங்கியிருந்தேன். பொட்டும் வைத்தேன்.

ஜெயம் கையில் மல்லிகைப் பந்தோடு வாசல் ஏறினார். பின்னால் தம்பி, சுத்தமாகச் சலவை செய்த சட்டை. சுவரைப் பார்த்ததும் ஜெயம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயய்யோ, இன்னாம்மா இது? எப்போ?"

நான் தலையைக் குனிந்தேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அருணகிரி படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சிரிக்கிறாங்களே" என்று மட்டும் சொன்னார். அக்கா கையிலிருந்த மல்லிகையை வாங்கி, மாலைக்கு மேல் சார்த்தினார். காபி குடிக்கவில்லை. சாவு நடந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது அல்லவா? சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். முறை தெரிந்த குடும்பம். இந்த மாதிரி இடத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம் என்றே எனக்குத் தோன்றியது.

உடனே கழற்றியிருப்பேன். ஆனால் ஜன்னல் வெளிச்சம் அந்த மல்லிகைமேல் விழுந்த விதம் ஒரு நாளைக்கு ஒருதரம்தான் வரும். கேமராவை எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே வேலூர் போன மூவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அத்தையைப் படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தார். "இன்னா பானு இது, உயிரோட இருக்கறவளுக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் கிட்டப் போய், "படம் சூப்பரா வந்துக்குது. சரி, அதக் கழட்டிடு, பேஜாரா இருக்குது" என்று டிவி முன்னால் உட்கார்ந்தார்.

உதயா மல்லிகையை விரலால் தொட்டாள்.

"இவ்ளோ நெருக்கமா கட்டினது நம்ம வீட்ல யாரும் வாங்க மாட்டாங்களே அண்ணி. யாரு வந்தது?"

அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. கேட்டாள், சொன்னேன். பிறகு என் போனை எடுத்து, வந்திருந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

"நான் உதயா பேசறேங்க. அந்தப் போட்டோவுல இருக்கறவ."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

மறுநாள் காலை ஜெயமும் தம்பியும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாசற்படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றார்கள். உதயா அத்தைக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, காதில் ஏதோ சொன்னாள். "போடி, ஜல்தியா போ" என்று அத்தை சொன்னது கேட்டது. குழறிய வாயில் அவ்வளவு தெளிவாக வார்த்தை வந்து நாளாயிற்று. அவள் அண்ணன் எழுந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

உதயா என்னைத் தாண்டித்தான் போனாள். பை என் முழங்கையில் இடித்தது. ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

தேசூரில் கோயிலில் வைத்துக் கல்யாணம் முடிந்துவிட்டது என்கிறார்கள். போட்டோ யார் எடுத்தார்களோ, எந்த வெயிலில் எடுத்தார்களோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அத்தை உள்ளே கூப்பிடுகிறார்கள். உதயா பெயரைச் சொல்லித்தான். பழக்கம். போகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? கெட்டது எதுவும் நடக்கவில்லையே. உதயாவுக்கு என்மேல் வருத்தம் இருக்காது. 'போயிட்டு வரேன் அண்ணி' என்று சொல்ல அவசரத்தில் மறந்திருப்பாள். எப்படியும் வருவாள். அவள் படம் இங்கேதானே இருக்கிறது. தினமும் நானே மாலை மாற்றுகிறேன்.