வழி விட்ட தப்பு

ஞாயிறு காலை, சுங்கைப் பட்டாணி ரொட்டி சானாய் கடை வரிசையில் எனக்கு முன்னால் மலைச் சைக்கிள் ஓட்டும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். உடம்பெல்லாம் சேறு.

"எனக்கு வழி விட்டீங்களே, அதுதான் அண்ணே தப்பு," என்றாள் பெண்.

"மேட்டுல ஏறி வர்றவங்களுக்கு இறங்குறவன்தானே நின்னு வழி விடணும்?"

"அந்தச் செம்பனைத் தோட்டத்து மேட்டுல பாதியிலயே சைக்கிள விட்டு இறங்கித் தள்ளுறவ லா நான்! எனக்காக ஒருத்தர் ஓரமா நிக்கிறப்ப எப்படி இறங்குறது? வெக்கத்துல மிதிச்சேன், மிதிச்சேன், உச்சிக்கே போயிட்டேன்!"

"முழுசாவா?"

"மொத தடவை அண்ணே!"

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நானும் அங்க தள்ளிக்கிட்டுதான்மா ஏறுவேன். அடுத்த வாரம் நீ மேலேருந்து இறங்கி வா. எனக்காகக் கொஞ்சம் நில்லு."