ஏழாவது சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடுவது எங்கள் வீட்டில் தப்பே இல்லை. அம்மாவே நன்றாக ஆடுவாள். அன்றைக்கு அக்கா, நான், தம்பி மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

ஆடியது போக்கர். அதிலும் பந்தயத்தை இரண்டாகப் பிரிக்கும் வகை. ஆளுக்கு ஏழு சீட்டு. அவற்றில் ஐந்தை வைத்து உசத்தியான கை சேர்ப்பவருக்குப் பாதி. ஆகக் குறைந்த எண்களைச் சேர்ப்பவருக்கு மறுபாதி. கொடுத்துவைத்தவன் இரண்டையும் அள்ளலாம்.

அன்று மேசையில் பணம் இல்லை. இரண்டு காகிதத் துண்டுகள் இருந்தன. ஒன்றில் அப்பா என்று எழுதியிருந்தது. மற்றதில் அம்மா.

உடனே முகம் சுளிக்காதீர்கள். அவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூவருமே வேண்டும் என்றோம். அதுதான் சிக்கல்.

பதினொரு வருடமாக இருவரும் என் வீட்டில்தான். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாதான் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். அவர் குழறுவது அவளுக்கு மட்டும்தான் புரியும். என் மனைவி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அம்மா என்கூட வரட்டும்" என்றாள் அக்கா.

"என் வீட்ல படி கிடையாது. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்" என்றேன் நான். சொன்னது நான்தான், சந்தேகமே வேண்டாம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க வேணா கொண்டுபோய் விடுங்கப்பா. ஒண்ணா விட்டாப் போதும்."

அக்கா வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். மூன்று வாரம் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் தம்பிதான், "சீட்டு போட்டுப் பாத்துரலாமா?" என்று சிரித்தான். யாரும் மறுக்கவில்லை. உசத்தியான கைக்கு அப்பா, குறைந்த கைக்கு அம்மா. ஒருவரே இரண்டையும் ஜெயித்தால் இருவரும் அங்கே.

எங்கள் மூவரில் ஆட்டம் தெரிந்தவன் நான்தான். ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் கையை எப்படி ஆடுவது என்று தம்பியிடம் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். வந்தால் பாதிதான் கிடைக்கும் என்றால் பேசாமல் சீட்டை மடக்கி விலகிவிடு. வந்தால் இரண்டும் கிடைக்கும் என்றால் கடைசிவரை விடாதே.

அன்று எனக்கு ஹார்ட்டினில் ஏஸ், இரண்டு, மூன்று வெளியே விரிந்து கிடந்தன. உள்ளே நாலு. ஒரு ராணியும் ஒரு ஒன்பதும் வேண்டாத விருந்தாளிகள். தம்பி முன்னால் இரண்டு ராஜா. அக்காவிடம் ஏழும் ஆறும் மூன்றும்.

"இவனுக்கு மச்சம்டா" என்றாள் அக்கா. "ரெண்டையும் வாரிட்டுப் போகப் போறான் பாரு."

ஏழாவது சீட்டு கவிழ்ந்து வந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்தேன்.

"என்னடா, மடக்கிட்டே?"

"வரலக்கா."

"வராட்டி என்ன, இருந்து பாக்கலாம்ல? எனக்கு மட்டும் அவ்வளவு பாடம் எடுத்தியேண்ணே" என்றான் தம்பி.

"வரலன்னா வரலதான்டா."

அப்பா தம்பிக்கு, அம்மா அக்காவுக்கு. நான் தோற்றேன். உறவில் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். பதினொரு வருடம் வைத்துப் பார்த்தவன், பாவம், வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது என்றார்கள்.

புதன்கிழமை காலை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. அப்பா தன் நல்ல கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தம்பியால் பிரிக்க முடியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன்.

அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

நான்காவது மாதம் அப்பா போய்விட்டார். கடைசி இரண்டு நாள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். தண்ணீர் என்று நினைத்து வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தோம் என்றான் தம்பி. அம்மா வந்து சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள். அவர் எப்படிச் சொன்னார் என்று தம்பியைச் சொல்லிக்காட்டச் சொன்னாள். அவனும் குழறிக் காட்டினான். "அது தண்ணி இல்லப்பா" என்றாள்.

சரி, அந்த ஏழாவது சீட்டு. ஹார்ட்டின் அஞ்சு. ஏஸிலிருந்து அஞ்சுவரை ஒரே இனத்தில் வரிசை; அதன் முன்னால் தம்பியின் ராஜாக்கள் நிற்காது. அதைவிடக் குறைந்த கையும் கிடையாது. இரண்டு காகிதமும் எனக்குத்தான். இருவரும் சாகும்வரை என் வீட்டில், ஒன்றாக. அந்தச் சாகும்வரை என்பதை நினைத்தபோது விரல் தானாகவே சீட்டைக் கவிழ்த்துவிட்டது.

அப்போது அம்மா காலித் தம்ளர்களை எடுக்க வந்து எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். நான் சீட்டைத் தூக்கியபோது என் தோளில் அவள் கை இருந்தது. கவிழ்த்தபோது இல்லை.

அவளுக்குக் கிட்டத்துப் பார்வை போதாது, அந்தச் சீட்டைப் பார்த்திருக்கவே முடியாது என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே ஆறுதல். நான் வைத்திருப்பது மூக்குக் கண்ணாடிக் கடை. சீட்டாடிய அந்த மாதம்தான் அவள் கண்ணை அளந்து, புதுக் கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன்.