பங்கர் என்று எழுதினேன்

வேலைக்கு நான் மீன் குழம்பு கொண்டுபோவதில்லை. மைக்ரோவேவில் சூடாக்கினால் அறை முழுக்க மணக்கும், மற்றவர்களுக்குத் தொந்தரவு. பருப்பும் சோறும்தான். பதினொரு வருடத்தில் கிறிஸ்தோப்பர் என்ற என்மேல் ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை, நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

நான் அகதியாக வந்து குடியேறிய சென்ட் லோரன்டில், பழைய மருந்துக் கிடங்கு ஒன்றில்தான் எங்கள் கம்பெனி. ட்ரோன் எடுத்த வீடியோவைப் பார்த்து, தெரிகிற ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, அது என்னவென்று எழுதவேண்டும். மாடு, கிணறு, டிராக்டர். அதைப் பார்த்துத்தான் ஏஐ படிக்கும். முதலில் பயிர் பார்க்க என்றார்கள். பிறகு, வளர்ந்துவரும் ஒரு பெரிய நாட்டின் இராணுவத்துக்கு என்றார்கள். யாரும் வேலையை விடவில்லை, நானும் விடவில்லை.

போன மாசியில் ஒரு வீடியோ வந்தது. ஆற்றோரம் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பூப்போட்ட துணி மூட்டைகள். ஏஐக்குப் பிடிபடவில்லை. எங்கள் பொறுப்பாளர் பார்கவி சென்னைப் பிள்ளை, அவளுக்கும் பிடிபடவில்லை.

"துணி காயப்போட்டிருக்காங்களாண்ணா?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, இது பங்கர்."

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வன்னியில் போரின் கடைசி மாதங்களில், பங்கரைச் சுற்றி அடுக்க உரப்பை கிடைக்காமல் அம்மா தன் கூறைச்சேலையை வெட்டித் தைத்து மண் நிரப்பினார். மேலே வண்டு சுற்றும். ஆளில்லா விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வண்டு வந்துபோனால் ஷெல் வரும். தங்கச்சி றோசலினைச் சேலைத் துண்டுகளோடு சேர்த்துத்தான் அள்ளினோம். எது அவள், எது சேலை என்று பிரிக்க நேரமிருக்கவில்லை.

எங்கள் சனத்துக்குப் பங்கர் என்றால் பிள்ளை குட்டிகளோடு பதுங்குகிற குழி. ஆமிக்காரனின் இங்கிலீசில் அது ஆயுதக்காரர் இருக்கிற காவலரண். இரண்டும் எனக்குத் தெரியும். இங்கிலீசில் பங்கர் என்று எழுதினேன். உள்ளே இருப்பவர் யார் என்ற இடத்தை ஏஐ தானாகவே நிரப்பியது: போராளிகள். பார்கவி அனுமதித்தாள்.

மத்தியானமே மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. முதல்முறையாக நான் வண்டின் பக்கம் இருந்தேன். பெரிய நிம்மதியாக இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்?

ஆறு நாள் கழித்து, அந்தக் குழிகளைக் குண்டுபோட்டு அடித்த பிறகு எடுத்த வீடியோ, செத்தவர்களை எண்ண எங்களுக்கே வந்தது. ஒரு பெண் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கைகளால் ஊர்ந்தாள். பதினாறு விநாடி ஊர்ந்தாள். மரக்கிளையில் ஒரு சின்னக் கால் சப்பாத்தோடு தொங்கியது. கைக்கு ஒரு கட்டம், தலைக்கு ஒரு கட்டம் என்று போட்டு, கூட்டி, முப்பத்தொன்பது பேர் என்று எழுதினேன். பார்கவி குப்பைக் கூடைக்குள் வாந்தி எடுத்தாள்.

"அண்ணா, இவங்க எல்லாம் குடும்பம். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊரிலை நாங்கள் பங்கர் எண்டுதான் சொல்லுறது."

"நீங்க எழுதினதப் பாத்து, இதே மாதிரி இன்னும் அறுபது இடத்த ஏஐ அடிக்கிற லிஸ்ட்ல சேத்திருக்கு. நீங்க எழுதினத நீங்கதான் மாத்த முடியும். மாத்திடுங்கண்ணா, ப்ளீஸ்."

"பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன். அது சாப்பாட்டு நேரம்.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். மேலிடம் என்னைத்தான் கேட்டது. ஓம், பங்கர்தான் என்றேன். நான்கு நாளில் அறுபதையும் அடித்து முடித்தார்கள்.

பார்க்காமல் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். முதல் வீடியோவையே பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சிறுமி மூட்டையின் வாயை விரித்துப் பிடித்திருந்தாள், தாய் மண் கொட்டினாள். அந்தச் சிறுமியைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டேன். அதன்மேலும் போராளி என்று விழுந்தது. அதை எழுதியது ஏஐ. நான் சரி என்று அழுத்தினேன், அவ்வளவுதான்.